சொல்லாதேயும், காட்டும்

காய்ச்சல் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், மேஜை இழுப்பறையைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்து நீட்டுவார். "சொல்லாதேயும், காட்டும்." இதுதான் அவர். இந்த ஒன்றைச் சொல்லிவிட்டு மிச்சத்தை விட்டுவிடலாம். ஆனால் எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அவர், இவர் என்றுதான் எழுதப்போகிறேன். அதை மரியாதை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வருஷக்கணக்கில் ஆய்வுக்கூடத்தில் 'டாக்டர், டாக்டர்' என்று அவர் முன்னால் நின்ற பழக்கம், நாக்கு விடமாட்டேன் என்கிறது. பேரைச் சொல்ல மாட்டேன். குளுவாங் பக்கம் செம்பனை ஆராய்ச்சியில் இருந்தவர்களுக்குப் பேர் தேவைப்படாது. மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஒல்லியான உடம்பு. பருத்திச் சேலை, அதன்மேல் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைக் கோட்டு, காலில் ஆம்பிளைகள் போடுகிற மாதிரி கறுப்பு ஷூ. நடந்து வரும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு யார் தலை உருளப்போகிறது என்று சொல்லிவிடலாம். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர். மகளும் மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்து, ஊரையே பார்க்காமல், வீட்டுத் தமிழை மட்டும் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். என் அப்பா ரப்பர் மரம் சீவியவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எந்த ஊர் என்பதில்லை.

"நீர் எந்த எஸ்டேட், பிள்ளை?"

சொன்னேன். தலையை ஆட்டினார். பிப்பெட் பிடிக்கத் தெரியுமா என்றார். யூனிவர்சிட்டியில் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன், நன்றாகத் தெரியும் என்றேன். வந்ததே அந்த வார்த்தை! எல்லாரும் பார்க்க என்னை எலக்ட்ரானிக் தராசுக்கு முன்னால் நிறுத்தி, பிப்பெட்டில் தண்ணீரை உறிஞ்சித் தராசுத் தட்டில் விடச் சொன்னார். ஒவ்வொரு துளியும் சொன்ன எடைக்குச் சரியாக வருகிறதா என்று கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பார்த்தார். ஒரு துளி தட்டுக்கு வெளியே சிந்தியது. சிந்தியதற்கும் "ஏன் சிந்துது?" என்று ஒரு கேள்வி. மத்தியானம் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து அழுதேன். டெக்னீஷியன் காக் ரோஸ், காக் என்றால் மலாயில் அக்கா, பக்கத்தில் வந்து தன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பாதி பிரித்து என் பக்கம் தள்ளினார். தானும் முதல் நாள் இதே தராசு முன்னால் நின்றவர்தான் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

காக் ரோஸ் ஒருமுறை டயர் பஞ்சராகித் தாமதமாக வந்தார். இந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? கார் நிறுத்துமிடம் வரைக்கும் வெயிலில் நடந்து போய், டிக்கியைத் திறக்கச் சொல்லி, ஓட்டை டயரைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். ஆணி எங்கே என்று வேறு கேட்டாராம். "அலமாக், ஆணியையும் பத்திரமா வெச்சிருக்கணும் போல!" என்று காக் ரோஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதைச் சொன்னபோதும் அதேதான். வாழ்த்தும் இல்லை, ஒன்றும் இல்லை. கையை நீட்டினார். போனிலிருந்த மாப்பிள்ளை படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார், "ம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நியாயமாகச் சொன்னால், அந்தக் குணத்தால் ஒரே ஒரு தடவை எனக்கு நல்லது நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை ஓரவஞ்சனைக்காரி என்று சொல்லக் கூடாது. அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். லீவு கேட்டுப் போனேன். ஸ்கேன் காகிதத்தைக் காட்டு என்றார். வரிவரியாகப் படித்தார். யாரோ சொந்தக்கார டாக்டருக்குப் போன் போட்டு இங்கிலீஷில் அரைமணி நேரம் சண்டை பிடித்தார். மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் ஆபரேஷனே வேண்டாம் என்றாகிவிட்டது. அம்மா இன்னும் அந்த அம்மாளுக்காக மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்கிறார். நன்றி சொல்லப் போனேன். "சொல்லாதேயும், போய் வேலையைச் செய்யும்" என்றார். அவ்வளவுதான், அவர் கணக்கில் என்மேல் இருந்த நல்லெண்ணம் அன்றோடு தீர்ந்தது.

இனி எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் இப்படிக் கொதிக்கிறேன் என்று புரியாது.

பாமாயில் தருகிற செம்பனையில், நன்றாகக் காய்க்கிற ஒரு மரத்தின் குருத்து இலையிலிருந்து துண்டு எடுத்து, கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, அதே மரத்தின் நகலாக எத்தனையோ கன்றுகளை உண்டாக்கலாம். கன்றாக இருக்கும்போது எல்லாம் ஒரே அழகு. நட்டு, வளர்ந்து, காய்ப்புக்கு வரும்போதுதான் சில மரங்களின் சுயரூபம் தெரியும். பழத்தைச் சுற்றிக் கொம்பு கொம்பாகச் சதை முளைக்கும். எண்ணெய் இருக்காது. குலை மரத்திலேயே அழுகும். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை.

மரத்தின் செல்லுக்குள் பொடிப்பொடியாக ஆர்என்ஏ துணுக்குகள் உண்டு. எந்த மரபணு பேசலாம், எது வாயை மூட வேண்டும் என்று அதட்டி வைப்பவை அவை. அந்தத் துணுக்கின் வால் நுனியில் செடி ஒரு சின்ன மெத்தில் மூடியைப் போட்டு வைக்கும். மூடி இருந்தால் துணுக்கு பிழைத்துக் கிடக்கும். இல்லாவிட்டால் செல்லே அதன் வாலைக் கடித்துத் தின்று தீர்த்துவிடும். அதட்ட ஆளில்லாத மரபணு அப்புறம் இஷ்டத்துக்கு ஆடும். மூடி குறைந்த கன்றுதான் பின்னால் கொம்புப் பழம் தரும் என்பது அவருடைய கணிப்பு. உலகமே ஒத்துக்கொண்ட சங்கதி இல்லை அது, ஆனால் எங்கள் மரங்களில் திரும்பத் திரும்பச் சரியாக வந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்த மூளையை நான் குறை சொல்ல மாட்டேன்.

மூடி போட்ட துணுக்கை நாங்கள் தொப்பி என்போம். போடாததை போத்தாக் என்போம், மலாயில் போத்தாக் என்றால் மொட்டை. காக் ரோஸ் வைத்த பேர். டாக்டருக்கு அது பிடிக்காது, ஆனாலும் அவர் வாயிலும் அதுவே வந்தது.

எது தொப்பி, எது போத்தாக் என்று பார்க்க ஒரு சோதனை. பெர்அயோடேட் என்று ஒரு கரைசல், மொட்டை வாலை மட்டும் கடிக்கும். கடிபட்ட துணுக்கு அடுத்த கட்டத்தில் ஓர் எழுத்தை இழந்து குட்டையாகிவிடும். பிறகு ஜெல்லில் ஓடவிட்டால், குட்டையான போத்தாக் கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும். தொப்பி அசையாமல் மேலேயே நிற்கும். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கரைசல் வெளிச்சம் பட்டோ நாள்பட்டோ செத்துவிட்டால் எதையும் கடிக்காது. போத்தாக்கும் இறங்காமல் மேலேயே நிற்கும். எல்லாம் தொப்பி போட்ட நல்ல கன்று போலவே தெரியும். அதனால் நிச்சயமாக மொட்டை என்று தெரிந்த ஒரு துணுக்கை வெளியிலிருந்து வாங்கி, அதையும் பக்கத்திலேயே ஓடவிட வேண்டும். அது கீழே இறங்கினால்தான் கரைசல் உயிரோடு இருக்கிறது என்று நம்பலாம். அதுதான் கொன்ட்ரோல். கொன்ட்ரோல் இல்லாமல் ஒரு ஜெல்லைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டு நீங்கள் உயிரோடு திரும்பி வர முடியாது.

அந்தக் கரைசலை அவரே கலப்பார். வேறு யாரும் தொடக் கூடாது. பழுப்புக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, அலுமினியத் தாளைச் சுற்றி, தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்வார். "என்ர போத்தில்" என்பார். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் சீனப் பெருநாள் விடுமுறை முடிந்து வந்தோம். பெர்அயோடேட் பொடி தீர்ந்துபோயிருந்தது, சிங்கப்பூரிலிருந்து வரவேண்டிய புதுசு வந்து சேரவில்லை. மொட்டை கொன்ட்ரோல் துணுக்கும் தீர்ந்துவிட்டது. ஆனால் காஹாங் வட்டாரத்துச் சிறு தோட்டக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய கன்றுகள் நர்சரியில் பைக்குள் வேர் சுற்றிக்கொண்டு நின்றன. மழை பிடித்துவிட்டது, அங்கே குழியெல்லாம் தோண்டிவிட்டார்கள், சோதனை முடிவு எங்கே என்று நிர்வாகம் நச்சரித்தது. டாக்டர் அலமாரியைத் திறந்து விடுமுறைக்கு முன்னால் கலந்த போத்தலை எடுத்தார்.

"டாக்டர், போத்தாக் கொன்ட்ரோல் இல்லாமயா ஓட்டப் போறோம்?" என்றேன்.

"இதுக்கு முந்தின ஜெல் எல்லாத்திலயும் கொன்ட்ரோல் சரியா வந்தது தானே?"

"அது பழைய கதை லா டாக்டர். இன்னிக்கு இந்தக் கரைசல் வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?"

"நான் கலந்தது, பிள்ளை."

"காட்டுங்க, டாக்டர்."

சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. காக் ரோஸ் பிடித்திருந்த பிப்பெட் அப்படியே அந்தரத்தில் நின்றது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியால் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீர் என்னட்டக் கேக்கிறீரோ?" என்றார்.

அன்று மத்தியானமே என்னை ஜெல் அறையிலிருந்து வெளியேற்றிவிட்டார். மைனஸ் எண்பது குளிர்பெட்டியைச் சுத்தம் செய்து அடுக்கும் வேலை கொடுத்தார். பழைய இலைப்பொடிக் குப்பிகள் அதற்குள் மலைபோல உறைந்து கிடந்தன. விரல் மரத்துப்போக ஒவ்வொன்றாக எடுத்துப் பனியைச் சுரண்டி, எந்தக் கன்றுக் கூட்டத்தின் இலை எந்தத் தட்டில் என்று அடுக்கினேன். படித்து வாங்கிய பட்டத்துக்கு வந்த மரியாதை! அந்தப் பக்கம் ஜெல் அறையில் எல்லாக் கோடும் மேலேயே நின்றதாம். எல்லாம் தொப்பி. கன்றுகள் லாரி ஏறிவிட்டன.

அதில் ஒரு பகுதி என் சித்தப்பாவின் நிலத்துக்குப் போனது.

சித்தப்பா எஸ்டேட்டில் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். காஹாங்கில் கொஞ்சம் நிலம். நான் வேலை செய்யும் இடத்துக் கன்று என்பதற்காகவே, வேறு எதுவும் வேண்டாம் என்று காத்திருந்து வாங்கினார். காட்டுப்பன்றி வந்து குருத்தைத் தோண்டாமல் இருக்க ஒவ்வொரு கன்றுக்கும் கம்பிவலை கட்டினார். கடையில் தே தாரேக் டீ குடிக்கப் போனால்கூட அந்தப் பேச்சுதான். "எங்க அண்ணன் மவ லேப்புல செஞ்ச கன்னு" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார். நான்தான் ஒவ்வொரு கன்றையும் பெற்றுப்போட்டேன் என்பது மாதிரி இருக்கும் அவர் பேசுவதைக் கேட்டால்.

மரம் வளர்ந்தது, தழைத்தது, குலை தள்ளியது. அப்புறம் ஒருநாள் போன் வந்தது.

"பாப்பா, பழம் என்னமோ கொம்பு மொளச்ச மாதிரி இருக்கு. மில்லுல லாரியோட திருப்பி அனுப்பிட்டான்."

டாக்டரிடம் ஓடினேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. புல்லைக் கொல்ல அடிக்கிற மருந்து இளமரத்தில் பட்டாலும் பழம் கோணல்மாணலாக வரும், சிறு தோட்டக்காரர்கள் கண்டபடி அடிக்கிறார்கள் என்றார். அதையே கள அதிகாரியிடமும் சொல்லி அனுப்பினார். அந்த ஆள் காஹாங் போய், நிலத்தைக்கூடச் சரியாகச் சுற்றிப் பார்க்காமல், "நீங்க மருந்து அடிச்சதுல வந்த வினை, அங்கிள்" என்று சித்தப்பாவின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

சித்தப்பா அதை நம்பிவிட்டார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மில்லில் திருப்பி அனுப்பியபோது கோபப்பட்ட மனுஷன், இதைக் கேட்டு அப்படியே ஒடுங்கிப்போனார். நிலத்துக்குள் போவதை நிறுத்திவிட்டார். மருந்து பம்ப்பைக் கொட்டகை மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டார். நான் பார்க்கப் போனபோது வாசல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னி தின்னுடக் கூடாதுன்னு வலை கட்டுனேன் பாப்பா. கடைசில என் கையாலயே வெசம் வெச்சிட்டேன்."

"அவசரம் அவசரம்னு காத்துல அடிச்சா அப்படித்தான் ஆவும்" என்றார் சித்தி உள்ளே இருந்து. வேண்டுமென்று குத்தவில்லை, அவருக்கும் வயிற்றெரிச்சல். சித்தப்பா விரித்த கையை மடக்கிக்கொண்டார். முந்தியெல்லாம் சித்தி ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்கிறவர். எனக்கு அந்த மரங்கள் போனது பெரிதாகப் படவில்லை. செம்பனை போனால் வேறு நடலாம். இந்த மனுஷனிடம் யாராவது வந்து, 'இது உங்கள் கை செய்ததில்லை' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடவில்லை. அண்ணன் மகள், ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தார்.

ஒரு கொம்புக் குலையை வெட்டிக் காரில் போட்டுக்கொண்டு நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். முள்ளும் சாறும் ஒழுக ஒழுக அவர் மேஜைமேல் வைத்தேன்.

"காட்டும் காட்டும்னு சொல்வீங்களே டாக்டர். இந்தாங்க."

ஒரு பழத்தைப் பிய்த்து நகத்தால் கீறிப் பார்த்தார். "மருந்து பட்டாலும் இப்பிடி வரும். இல்லை எண்டா, எப்பிடி இல்லை எண்டு காட்டும்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் எரிச்சல்.

காட்டினேன். அந்த அம்மாள் தண்டனையாகக் கொடுத்த வேலைதான் எனக்குக் கைகொடுத்தது. சித்தப்பாவுக்குப் போன அதே கன்றுக் கூட்டத்தின் இலைப்பொடி, நர்சரியில் இருந்தபோதே எடுத்தது, குளிர்பெட்டியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று எனக்குத்தானே தெரியும்? அந்த இலை காஹாங் மண்ணையே பார்த்ததில்லை, புல் மருந்தின் வாடைகூட அதன்மேல் பட்டதில்லை. புதுப் பொடி வாங்கி, என் கையால் கரைசல் கலந்து, மொட்டை கொன்ட்ரோலையும் பக்கத்தில் போட்டு ஓட்டினேன். கொன்ட்ரோல் இறங்கியது. சித்தப்பாவின் கன்றும் இறங்கியது. பாதிக்குமேல் போத்தாக். பையிலேயே, வேர் சுற்றி நின்றபோதே, கெட்டுப்போன கன்று.

படத்தை அவர் முன்னால் வைத்தேன். காக் ரோஸ் என் பின்னால் வந்து நின்றுகொண்டார். டாக்டர் அந்தக் கோடுகளை ரொம்ப நேரம் பார்த்தார். கொன்ட்ரோலைப் பார்த்தார், மறுபடி சித்தப்பாவின் கோட்டைப் பார்த்தார். ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஓம்" என்று ஒத்துக்கொண்டார். "அண்டைக்குக் கரைசல் செத்திருக்கு."

கரைசல் தானாகவே எங்கேயோ போய்ச் செத்துவிட்டு வந்த மாதிரி!

"என் சித்தப்பா தன் கைதான் காரணம்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு டாக்டர். நான் சொன்னா நம்பல. நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லணும்."

மறுப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். "சனிக்கிழமை வாறன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த அம்மாளைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் தப்போ என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பை நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை வந்தார். அதே சேலை, அதே கறுப்பு ஷூ, கையில் குடை. சித்தி நல்ல கோப்பையில் மைலோ கலந்து கொடுத்தார், தொடவில்லை. நிலத்துக்குள் மரம் மரமாகப் போய்க் குனிந்து பார்த்தார். சித்தப்பா பின்னாலேயே, ஹெட்மாஸ்டர் அறைக்குப் போகும் பையன் மாதிரி நடந்தார். கொட்டகைக்கு வந்ததும், "மருந்து எப்பிடி அடிச்சனீங்கள்? காட்டுங்கோ" என்றார். சித்தப்பா மூலையில் கிடந்த பம்ப்பை எடுத்து மாட்டினார். அதன் குழாய் முனையில், எண்ணெய் டின்னை அறுத்து ஒரு கூம்பு செய்து மாட்டியிருந்தார், மருந்து சிதறிக் கன்றில் பட்டுவிடக் கூடாதென்று. டாக்டர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படிக் கூம்பு போட்டு அடித்தவர்மேல்தான், ஒருமுறைகூட வந்து பார்க்காமல், பழியைப் போட்டோம் என்பது அந்த நிமிஷம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது. இப்போது சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"ஐயா, இது மருந்தால வந்ததில்லை" என்றார். "உங்கட கையில ஒரு பிழையும் இல்லை. கன்றுக்கு உள்ளுக்க பிறக்கேக்கயே இருந்த குறை. ஒருத்தராலும் முன்னுக்குக் கண்டுபிடிச்சிருக்கேலாது."

ஒருத்தராலும்.

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. ஏனென்றால் சித்தப்பா அழுதுகொண்டிருந்தார். பம்ப்பை முதுகில் சுமந்தபடியே, "கேட்டியா? இந்தா, கேட்டியா? என் கையில இல்லையாம்!" என்று சித்தியைப் பார்த்துக் கத்தினார். சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எவ்ளோ பெரிய டாக்டரு, இந்த வெயில்ல, நம்மள மதிச்சு வந்து சொல்றாங்க பாரு" என்று சித்தப்பா இரண்டு கையையும் கூப்பினார். அந்த அம்மாள் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டார்! 'ஐயோ, வேண்டாம்' என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. சித்தப்பா ஓடிப்போய், அன்று காலையில் விழுந்த டுரியானில் நல்லதாகப் பொறுக்கி, ஒரு கோணிப்பையில் கட்டி, அவர் கார் டிக்கியில் தானே தூக்கி வைத்தார். அதையும் வாங்கிக்கொண்டார்.

கார் கிளம்புமுன் கண்ணாடிப் பக்கம் குனிந்தேன்.

"ஒருத்தராலயும் முடியாதுன்னு சொன்னீங்களே, டாக்டர். அன்னிக்கு நான் கொன்ட்ரோல் கேக்கலையா? உங்க போத்தல்னு ஏன் சொல்லல?"

அவர் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். "அவர் கேட்டவரோ?" என்றார்.

கண்ணாடி மேலே ஏறியது. கார் மண்பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போனது. உலகத்தில் உள்ள அத்தனை பேரிடமும் காட்டு காட்டு என்று உயிரை எடுத்த மனுஷி, தன்னைக் காட்டச் சொல்லி எவரும் கேட்காத இடமாகப் பார்த்து வந்து, வேலையை முடித்துக்கொண்டு போனார். சே!

அவர் ஓய்வுபெற்றபோது பூங்கொத்து, உரை, கைதட்டல் எல்லாம் நடந்தது. நானும் கைதட்டினேன், காக் ரோஸ் என்னை முழங்கையால் இடித்ததால். இப்போது மூவாரில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று கேள்வி. அவருடைய மேஜை எனக்கு வந்தது. இழுப்பறையில் அந்தத் தெர்மாமீட்டர் கிடந்தது. எடுத்துக் குப்பையில் போட்டேன். கொன்ட்ரோல் இல்லாத ஜெல்லை நானும் ஏற்பதில்லை, என் கரைசலாக இருந்தாலும். ஜூனியர் பெண்கள் என்னைப் பற்றியும் சாப்பாட்டு அறையில் ஏதோ பேசிக்கொள்வார்கள், பேசட்டும்.

சித்தப்பா கெட்ட மரங்களை வெட்டிவிட்டு வேறு கன்று நட்டார். எங்கள் கூடத்துக் கன்றில்லை. பம்ப் மறுபடி முதுகில் ஏறிவிட்டது. சித்தி ஒன்று சொன்னால் இவர் ஒன்பது சொல்கிறார். மனுஷன் தேறிவிட்டார். தேறியதே அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான். அதை நான் எப்படிப் பிடுங்குவது? எடுத்துச் சொன்னால், தான் அழுது கும்பிட்ட அந்த நாளை நினைத்து அவர் கூசிப்போவார். அதனால் அந்த அம்மாளின் பொய்யை இப்போது நான் சுமக்கிறேன். அவரை நான் மன்னிக்காததற்கு வேறு எதுவும் காரணமில்லை, இதுதான் காரணம்.

ஒவ்வொரு டுரியான் பருவத்திலும் சித்தப்பா ஒரு கோணிப்பையைத் தனியாகக் கட்டி என் காரில் ஏற்றுவார். "அந்த டாக்டரம்மாவுக்கு. மறந்துடாத பாப்பா. அவங்க மாதிரி மனுஷங்க இப்ப எங்க இருக்காங்க?" நான் அதைக் காக் ரோஸ் வீட்டில் இறக்கிவிடுவேன். அவர் பேரப்பிள்ளைகள் அன்றைக்கே காலி செய்துவிடுவார்கள்.

போன மாதமும் போனேன். சித்தப்பா வாசல் நாற்காலியில் உட்கார்ந்து பம்ப் குழாய்க்குப் புதுக் கூம்பு அறுத்துக்கொண்டிருந்தார்.

"போன தடவை குடுத்தது நல்லா இருந்துச்சாமா? சாப்ட்டாங்களா?"

"சாப்ட்டாங்க சித்தப்பா. ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

அவருக்கு அது போதும். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, இந்த வருஷத்துப் பையைக் கட்ட எழுந்து போனார்.